இருபத்தெட்டு நாட்கள்

வணிகத் தாவாக்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல், இரு தரப்பாரும் இசைந்த மத்தியஸ்தர் முன் தீர்த்துக்கொள்வதன் பெரும் பயன், வழக்கு ஓரிடத்தில் முடிந்துவிடுவதேயாகும். ஆகவே, இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம், தீர்ப்பை எதிர்ப்போருக்கு 28 நாட்களே தருகிறது. அதுவும் தீர்ப்பு கைக்கு வந்த நாளிலிருந்து அன்று. பொதுவாகத் தீர்ப்பின் தேதியிலிருந்தே கணக்கு. கட்டணம் செலுத்தப்படும்வரை தீர்ப்பைத் தராமல் வைத்திருக்க மத்தியஸ்தருக்கு உரிமை உண்டு. பணம் கட்டத் தயங்குவோருக்குத் தீர்ப்பைக் காணுமுன்பே நாட்கள் கழிந்துவிடும்!

கெடுவை நீட்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. ஆனால் அது தாராளமாகப் பயன்படுத்தப்படுவதில்லை. தாமதம் எவ்வளவு, அதற்குரிய காரணம் நியாயமானதா, எதிர்த்தரப்போ மத்தியஸ்தரோ அதற்குக் காரணமாயினரா என்பன போன்றவை கருதத்தக்கவை என, 2001இல் கால்ம்நெஃப்ட் வழக்கில் நீதிபதி கோல்மன் வகுத்துரைத்தார். சில நாள் தாமதமே மனுவைக் கவிழ்த்துவிடக் கூடும்.

இந்நிலையில், ஏறக்குறைய மூன்றாண்டு பிந்தி வந்த ஒரு மனு ஏற்கப்பட்டதெனில் வியப்பன்றோ? பி அண்டு ஐ.டி. என்னும் நிறுவனம் 2010இல் நைஜீரிய அரசுடன் எரிவாயு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆலை எழவேயில்லை. எனினும், லண்டனைத் தலமாகக் கொண்ட மத்தியஸ்த மன்றம் 2017 ஜனவரியில் அந்நிறுவனத்துக்கு 660 கோடி டாலர் நஷ்ட ஈடு விதித்தது. வட்டியோடு அது பின்னர் 1,100 கோடியைத் தாண்டியது. நைஜீரியா மோசடிக் குற்றச்சாட்டுடன் நீதிமன்றத்தை அணுகியதோ 2019 டிசம்பரில்தான்.

தாமதம் அசாதாரணமானது என்பதை நீதிபதி கிரான்ஸ்டன் மறைக்கவில்லை. ஆயினும் மோசடிக்கு வலுவான முகாந்திரம் தெரிந்தமையால் 2020 செப்டம்பரில் கெடுவை நீட்டித்தார். தம் தவற்றை மறைத்த ஒருவர், அதனைக் கண்டுபிடிக்கத் தாமதமாயிற்று என்று முறையிடுவது பொருந்துமா? என் மனத்துக்கு அம்முடிவு சரியென்றே படுகிறது. 2023 அக்டோபரில் நீதிபதி நோல்ஸ், அதிகாரிக்கு லஞ்சம் தரப்பட்டதையும், பொய்ச்சாட்சியம் கூறப்பட்டதையும், நைஜீரியாவின் அந்தரங்கச் சட்ட ஆவணங்களை எதிர்த்தரப்பு முறைகேடாக வைத்திருந்ததையும் உறுதிசெய்து, மனுவை ஏற்றார்.

நமது நாட்டின் 1996ஆம் ஆண்டுச் சட்டமோ வேறுவிதமானது. அதன் 34ஆவது பிரிவின்படி, தீர்ப்பு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாத அவகாசம் உண்டு. போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்கப்பால் நீட்டிக்கச் சட்டம் இடந்தரவில்லை என உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்துள்ளது.