ஆங்கிலத் தேர்வில் கடிதம் எழுதும் முறை



ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஆங்கிலத் தாளை எவ்வாறு எழுதும் என்னும் கவலை நம் பெற்றோர் பலருக்கு உண்டு. கதையும் கட்டுரையும் கடினமாகத் தோன்றலாம். கடிதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது நமது கருத்து. சொல்வளம் குறைந்த மாணவரும் திட்டமிட்டு எழுதினால் நல்ல புள்ளி பெறக்கூடிய பகுதி அது.

தேர்வுக்காக மட்டும் நாம் இதனைக் கூறவில்லை. கம்போங் மேடானில் வாழும் நம் குடும்பங்களுள் பல, தோட்டங்களை விட்டு வந்தவை. தோட்டத்தில் அரசாங்க அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டுமாயின் கிராணியிடம் சென்று நிற்பர். என்ன எழுதப்பட்டது என்று அறியாமலே பெருவிரல் ரேகை வைத்தோர் உண்டு. இன்று அந்த இடத்தில் இருப்பவர் வீட்டில் படிக்கும் பிள்ளை. அப்பாவின் அடையாள அட்டை தொடர்பாகவோ பாட்டியின் மருத்துவ உதவி தொடர்பாகவோ எழுத வேண்டி வந்தால், எழுதுகோல் அப்பிள்ளையின் கையில்தான் கொடுக்கப்படுகிறது.

முதலில் தேர்வின் அமைப்பைக் காண்போம். முன்னர் எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளில் குறிப்புகளைத் தந்து எழுதச் சொல்லும் வினாவுக்கு 35 புள்ளிகள் இருந்தன. அமைப்புக்கு 3, கருத்துக்கு 12, மொழிக்கு 20 எனப் பிரித்து வழங்கினர். அவ்வினாவில் கடிதம் அடிக்கடி இடம்பெற்றது. 2021ஆம் ஆண்டுத் தேர்வு முதல் இம்முறை மாறியது. 1119 என்னும் எண்ணுடைய அப்பாடத்தின் எழுத்துத் தாளுக்கு இப்பொழுது ஒன்றரை மணி நேரம், மூன்று பகுதிகள், பகுதிக்கு 20 புள்ளிகள். முதற்பகுதியில் நண்பர் அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஏறத்தாழ 80 சொற்களில் மறுமொழி எழுத வேண்டும். முகவரியும் அஞ்சல் தலையும் போயின, கடிதம் போகவில்லை.

எண்பது சொற்கள் என்பது எட்டு வாக்கியங்கள் அளவே. நண்பர் மூன்று செய்திகள் கேட்டிருப்பின், வணக்கம் கூற ஒரு வாக்கியம், ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு, விடைபெற ஒன்று எனப் பங்கிட்டுக்கொள்ளலாம். முதல் வினாவுக்கே ஐந்து வாக்கியங்களைச் செலவிட்டு மூன்றாம் வினாவை மறந்துவிடுதல் மாணவரிடம் காணப்படும் பெருங்குறை. அழகிய ஆங்கிலம் எழுதினும், கேட்டதற்கு விடை இல்லையெனில் கருத்துக்குரிய புள்ளி குறையும். ஆகவே வினாத்தாளிலேயே ஒவ்வொரு வினாவின் கீழும் கோடிட்டு, எழுதி முடித்தவற்றை அடித்துக்கொண்டே வருதல் நன்று.

முறைசார்ந்த கடிதத்துக்குத் திட்டம் இன்னும் இன்றியமையாதது. எழுதுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும். நான் யார்? யாருக்கு எழுதுகிறேன்? ஏன் எழுதுகிறேன்? படித்தபின் அவர் என்ன செய்ய வேண்டும்? நான்காவது வினாவைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். கம்போங் மேடான் மாணவர் சிலர், வார இறுதியில் படிப்பதற்குப் பொதுமண்டபத்தில் ஓர் அறை வேண்டிப் பெட்டாலிங் ஜெயா மாநகராண்மைக் கழகத்துக்கு எழுதுவதாகக் கொள்வோம். 'நாங்கள் ஏழைகள், தயவு செய்து உதவுங்கள்' என்று மட்டும் எழுதினால் அதிகாரி இரக்கப்படலாம். ஆனால் எதைச் செய்வதென்று அவருக்குத் தெரியாது. 'எங்கள் வீடுகளில் ஆறு பேருக்கு இரண்டு அறைகள். தொலைக்காட்சி இருக்கும் அறையில்தான் படிக்கிறோம்' என்பது காரணம். பன்னிரண்டு மாணவர், சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, உடன் இருக்க ஒரு பெற்றோர் என்பன விவரம். அறையைப் பூட்டித் திறவுகோலை ஒப்படைக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால், அதிகாரிக்கு எழக்கூடிய ஐயம் எழுமுன்னே தீரும். இவற்றைத் தனித்தனிப் பத்திகளாக விரித்தால் கடிதம் பெரும்பாலும் முடிந்தது. வீட்டு நிலையைக் கூறுவதற்கு நாணவேண்டியதில்லை. அதனை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு மூன்று மொழிகளிலும் கடிதம் எழுதக் கற்பிக்கப்படுகிறது. அதனால் ஒன்றின் மரபு மற்றொன்றில் புகுந்துவிடுகிறது. மலாய் மொழி அலுவல் கடிதத்தில் இரண்டாம் பத்தி முதல் எண் இடுவர். ஆங்கிலக் கடிதத்தில் அது கட்டாயமன்று. 'செக்கியான், தெரிமா காசே' என்று முடிக்கும் பழக்கத்தில், ஆங்கிலத்திலும் 'தட்ஸ் ஆல், தேங்க் யூ' என்று எழுதுவோர் உளர். தமிழ்க் கடிதமோ நலம் கேட்டு மெல்லத் தொடங்கும். அது நமது பண்பு. ஆயினும் ஆங்கில அலுவல் கடிதம் முதல் வாக்கியத்திலேயே நோக்கத்தை எதிர்பார்க்கிறது. 'ஐ ஆம் ரைட்டிங் டு ரிக்வெஸ்ட்' என்று நேரே தொடங்குதல் அம்மொழியில் மரியாதைக் குறைவாகாது. பணிவு காட்ட 'வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப்' என்னும் தொடர் போதும். பழைய எழுத்தர்கள் கையாண்ட 'யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வண்ட்' இக்காலத்துக்குப் பொருந்தாது. அறை கேட்கும் மாணவர் எவருக்கும் அடிமையல்லர்!

'டியர் சார்' என்று பெயர் குறிப்பிடாமல் தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிக்க வேண்டும். பெயரைச் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. இதில் மனனம் செய்ய வேறொன்றும் இல்லை. முழுக் கடிதத்தையே மனனம் செய்து வருவதை நாம் ஏற்கவில்லை. வினா சிறிது மாறினும் அக்கடிதம் பொருந்தாமற் போகும். நூலகத்துக்கு எழுத வேண்டிய இடத்தில் காவல் நிலையத்துக்கு எழுதிய கதையாகிவிடும்.

எழுதி முடித்தபின் ஒருமுறை படித்துப் பார்க்க மூன்று நிமிடம் வேண்டும். 'ஹி கோ', 'ஷி வாண்ட்' என 'எஸ்' விடுபட்டுள்ளதா, நேற்று நடந்ததற்கு இறந்தகால வினை வந்துள்ளதா, 'டிஸ்கஸ்' என்பதன் பின் வேண்டாத 'அபௌட்' ஒட்டியுள்ளதா என்று பார்த்தாலே பல பிழைகள் நீங்கும். நண்பனுக்கு எழுதும் மின்னஞ்சலாயினும் 'லா' என்னும் ஒட்டைத் தேர்வு அறைக்கு வெளியே விட்டுச் செல்லுங்கள்.

பயிற்சிக்கு இடைநிலைப்பள்ளி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் விடுப்புக் கடிதத்தை இனித் தாமே ஆங்கிலத்தில் எழுதி, பொருளைப் பெற்றோருக்கு வாய்மொழியாக விளக்கி, அவர்தம் கையொப்பம் பெற்று வரலாம். பிழையிருப்பின் வகுப்பாசிரியர் சிவப்பு மையால் திருத்தித் தருவார். அதற்காக விடுப்பு மறுக்கப்படமாட்டாது.