‘டொக்... டொக்...’ சத்தம் போடும் பழைய கார்: வீட்டிலேயே எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது?

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது, “என்னப்பா, ஏதோ கழண்டு விழுற மாதிரி சத்தம் வருதே” என்று பின்சீட்டில் இருக்கும் பாட்டி கேட்கிறாரா? ரேடியோ சத்தத்தைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள். பாட்டி சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

1983-ல் வந்த மாருதி 800-ன் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. ஆனாலும் அதை விற்க மனமில்லாமல் போர்டிகோவில் வைத்து ஓட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பழைய ஆல்டோவும் அப்படித்தான். இந்தக் கார்களுக்குப் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் வம்பு எதுவும் இல்லை என்பதால், சில சஸ்பென்ஷன் வேலைகளை வீட்டிலேயே செய்ய முடியும். சில வேலைகளை மட்டும்தான்.

முதலில் நோய் எது என்று பாருங்கள். காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டுவிடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் நல்லது. ஊஞ்சல் மாதிரி இரண்டு மூன்று முறை ஆடினால், அந்தப் பக்க ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது. அதன் உடம்பில் ஆயில் வழிந்து தூசு அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆட்டம் இல்லை, சத்தம் மட்டும்தான் என்றால், புஷ் எனப்படும் ரப்பர் பாகங்கள் வெடித்திருக்கலாம். லோயர் ஆர்மில் உள்ள பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். பால் ஜாயின்ட்டில் சந்தேகம் என்றால் வண்டியை ஓட்டாதீர்கள், உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஓடும்போது அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.

வீட்டில் செய்ய ஏற்றது பின்பக்க ஷாக் அப்சார்பர். இந்தக் கார்களில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. முன்பக்கம் அப்படி இல்லை. ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். மேல் நட்டைக் கழற்றியதும் அந்த ஸ்பிரிங் சீறிப் பாய்ந்தால் கை போகும், உயிரும் போகலாம். வீடியோவில் ஒருவர் கயிறு கட்டிக் கழற்றுகிறார் என்பதற்காக நீங்களும் இறங்க வேண்டாம். அது பட்டறை வேலை.

பின்பக்க வேலையில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக் போட்டாச்சே என்று தைரியமாகக் காரைத் தூக்குவார்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பதே பின்சக்கரங்களைத்தான். அவை அந்தரத்தில் நின்றால் பிரேக்கால் என்ன பயன்? அதனால் முதல் கியரில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். தரை சமமாக, கெட்டியாக இருக்கட்டும். ஜாக்கியால் தூக்கிய பிறகு பாடியை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஹாலோ பிளாக்கும் செங்கலும் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

ஷாக்கைக் கழற்றுவதற்கு முன், ஆக்ஸிலுக்குக் கீழே இன்னொரு ஜாக்கியை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் போல்ட்டை எடுத்ததும் ஆக்ஸில் கீழே இறங்கி, ஸ்பிரிங் இடம் மாறலாம்; பிரேக் ஹோஸும் இழுபடும். துருப்பிடித்த நட்டுகளில் முதல் நாள் இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வைத்தால் மறுநாள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் வளைவுகளில் வண்டி ஒரு மாதிரி இழுக்கும்.

இப்போது புஷ் விஷயம். கார் தூக்கிய நிலையில் இருக்கும்போதே புஷ் உள்ள போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்போது ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். காரை இறக்கியதும் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஆகி, ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கேறும். புது புஷ் சீக்கிரமே கிழிய இதுவும் ஒரு காரணம். கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன் இதை யோசித்துப் பாருங்கள். மேலே இருக்கும்போது போல்ட் கழலாத அளவுக்கு மட்டும் திருகிவிட்டு, கார் நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகு, டார்க் ரெஞ்ச் வைத்து கம்பெனி மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பழைய லாக் நட்டையே திரும்பப் போடாதீர்கள்; புதியது வாங்கிவிடுங்கள்.

முன்பக்க லோயர் ஆர்மை மெக்கானிக் மாற்றினால், கையோடு வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் டயர் ஓரம் தேய்ந்து, மிச்சப்படுத்திய காசு அங்கே போய்விடும்.

வேலை முடிந்ததும் தெருவைச் சுற்றி மெதுவாக ஒரு ரவுண்டு ஓட்டி, நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். பழைய ஷாக்கைப் பழைய இரும்புக் கடையில் போடலாம். கேஸ் நிரப்பிய ரகம் என்றால், அதை அறுக்கவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள்.