சரக்கு முதலைத் தொடாமல் வீட்டுக்குப் புதுப்பொலிவு

சேலம் அம்மாபேட்டையில் நெசவாளர் வீடுகளுக்கு நடுவே நம் வணிகர்கள் பலருக்கு முன்புறம் கடை, பின்புறம் வீடு. பழைய ஓட்டு வீடு, இருட்டு, புகை படிந்த சுவர். இடித்துக் கட்டினால்தான் மாறும் என்று சரக்கு முதலைச் செங்கல்லில் போட்டுவிட்டு, லீ பஜாரில் கடன் சொல்லி நிற்க வேண்டாம் என்பதே நமது கருத்து.

முதலில் வெளிச்சம். சோக்குடன் எரியும் பழைய 40 வாட் டியூப் லைட் ஏறக்குறைய 50 வாட் இழுக்கும், எல்.இ.டி.க்கு 20 வாட் போதும். நான்கு விளக்குகள் தினம் 10 மணி நேரம் எரிந்தால் மாதம் 36 யூனிட் மிச்சம். கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு பதித்தால் பகலில் விளக்கே வேண்டாம்.

அடுத்து சுவர். உதிரும் பூச்சைச் சுரண்டி, ஈரக்கசிவை அடைத்த பிறகே வெளிர் நிற வர்ணம் அடியுங்கள், இல்லையேல் உரிந்துவிடும். சிவப்புத் தரையைப் பெயர்க்காதீர்கள். தேய்த்துக் கழுவி மெழுகு ஏற்றினால் பளபளக்கும். மரக்கதவுக்கு உப்புத்தாளும் வார்னிஷும் போதும்.

பழைய மரப்பட்டை ஒயரிங்கை மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. எர்த் கம்பியும், மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சும் அவசியம். அழகைவிட உயிர் பெரிது.

மாதம் ஒரு வேலை, அதுவும் லாபத்தில் மிஞ்சியதைக் கொண்டு. வீடும் மாறும், கடையும் நிற்கும்.