ஈகைக்கு முன் நீதி

அமெரிக்கரான பிளேக் மைக்கோஸ்கி 2006ஆம் ஆண்டில் ‘டாம்ஸ்’ என்னும் காலணி நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு ஜோடி விற்றால் ஏழைக் குழந்தைக்கு ஒரு ஜோடி இலவசம் என்றார். வாங்கியோர் மனம் குளிர்ந்தது, வாணிபமும் செழித்தது. ஆயின், எல் சால்வதோர் நாட்டில் ஆய்ந்தோர், குழந்தைகள் அக்காலணிகளை விரும்பி அணிந்தும் அவர்தம் வாழ்வில் பெரிய மாற்றம் காணவில்லை. 2019 முதல் நிறுவனமே அம்முறையை விட்டு விலகலாயிற்று.

நம் நாட்டிலும் பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். நன்று. ஆனால், ஆம்பூர் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே காலணியின் மேற்பாகத்தைத் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக்குச் சில ரூபாயே கூலி. தோல் பதனிடும் கழிவால் பாலாறு பாழ்பட்டதை உச்ச நீதிமன்றம் 1996இல் கண்டித்தது. கூலியைக் குறைத்து, ஆற்றைக் கெடுத்துச் சேர்த்த இலாபத்தில் நோட்டுப் புத்தகம் வழங்கினால் அது ஈகையாகுமோ?

இவ்வுண்மை நம் நெட்டுக்குப்பத்தாருக்குப் புதிதன்று. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்தது. நிவாரண அரிசி அன்றைய பசியைத் தணிக்கும். வலை வீசத் தூய நீரைத் தாராது.

நீதியின்படி கொடுக்கவேண்டிய கடனை அன்பின் கொடையாகக் காட்டலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்தது. ஆகவே, கொடையாளரை நாம் இகழ வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குக் காலணி வாங்கும்போதும், நன்கொடையைக் கைநீட்டிப் பெறும்போதும் ஒன்றை மட்டும் கேட்போம்: தைத்தவளுக்கு உரிய கூலி சேர்ந்ததா?