கடலைப் பார்த்த ஜாகை

சமுத்திரக் கரையில் ஒரு ஜாகை! ஜன்னலைத் திறந்தால் அலை. தலைமாட்டில் ஜிலுஜிலுவென்று காற்று. இப்படி ஓர் ஆசை உங்களுக்கு ஒரு நாளும் வந்ததில்லை என்று சொல்லுங்கள், பார்ப்போம்!

ஆனால், ஆசைப்பட்டுக் குடிபோனவர்களின் மாடிகளை ஒரு நாள் கடற்கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். கடலைப் பார்த்த ஜன்னல்கள் எத்தனையோ சாத்தியே கிடக்கும். வெயில், சாரல், மணல், உப்பு என்ற நான்கு விருந்தாளிகளும் கடற்காற்றோடு கூடவே உள்ளே நுழைந்தால் பாவம், வீட்டுக்காரி என்னதான் செய்வாள்? காட்சிக்காகக் கொட்டிக் கொடுத்த பணம் திரைக்குப் பின்னால் தூங்குகிறது!

இந்தச் சங்கடத்துக்கு அழகாக வழி கண்டவர் சார்லஸ் கொரியா என்ற கட்டடக் கலை நிபுணர். மும்பையில், கம்பாலா ஹில் பகுதியில், 1983-ல் கட்டி முடிந்த ‘காஞ்சன்ஜங்கா’ என்ற கட்டடம் அவருடைய சிருஷ்டி. உயரம் 84 மீட்டர், மாடிகள் 28, குடித்தனங்களோ 32 தான்.

மும்பைக்குக் கடல் மேற்கே. நல்ல காற்றும் நல்ல காட்சியும் அந்தத் திசையில். பிற்பகல் வெயிலும் பருவ மழையும் வருவதும் அதே திசையில்தான்! வேண்டியவரும் வேண்டாதவரும் ஒரே வாசலில் வந்து நின்றால்?

கொரியா பழைய பங்களாக்களை நினைத்துப் பார்த்தார். அவற்றில் அறைகளைச் சுற்றித் தாழ்வாரம் ஓடும். வெயிலும் மழையும் அதோடு நின்றுவிடும். காற்று மட்டும் உள்ளே வரும். அந்தத் தாழ்வாரத்தையே அவர் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்! வீட்டின் மூலையில் இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த தளம், அதில் செடி கொடிகள். அறைகள் அதற்குப் பின்னே ஒதுங்கி நிற்கின்றன. மேற்கே நுழைந்த காற்று வீட்டைக் கடந்து கிழக்கே வெளியேறுகிறது.

நம் சென்னையில் கடல் கிழக்கே. பிற்பகலில் வெயில் வீட்டின் முதுகில் அடிக்க, கடற்காற்று முகத்தில் வீசும். அதிர்ஷ்டந்தான்! ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிப்பதும் அந்த முகத்தில்தானே?

ஆகையால், பிளாட் பார்க்கப் போகும்போது நாலு கேள்வி கேளுங்கள். மழை நாளில் நனையாமல் நாற்காலி போட்டு உட்காரும்படி பால்கனி அகலமாயிருக்கிறதா? உள்ளே வந்த காற்று வெளியே போக எதிர்ப்புறம் ஜன்னல் உண்டா? கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருத்துக்கொண்டு சுவரையே பிளந்துவிடும். கம்பிக்கு மேல் கான்கிரீட் போதிய கனமாக மூடியிருக்கிறதா? கடைசியாக, துணி உலர்த்தப் பின்பக்கம் இடம் விட்டிருக்கிறார்களா? இல்லையென்றால், நாளைக்கு உங்கள் கடல் புடவைகளுக்கு நடுவேதான் எட்டிப் பார்க்கும்!

பாட்டி வீட்டுத் திண்ணையை மறந்துவிடவில்லையே? வெயிலும் மழையும் வாசலில்; நாம் திண்ணையில், காற்று வாங்கிக்கொண்டு. அந்தத் திண்ணை மாடியிலும் இருந்துவிட்டால், கடல் வருஷம் பூராவும் உங்களுடையதுதான்.