ஆய்வுக்கூடத்துக்கு ஐஸ் எதற்கு?



சென்ற இதழில் ஆய்வுக்கூடத்தின் தேவைகளை எழுதியபோது, ஐஸ் தயாரிக்கும் சிறு இயந்திரம் ஒன்றும் வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தோம். "ஆஸ்பத்திரிக்கு ஐஸ் எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். இரத்தத்தில் அமோனியாவை அளப்பதற்காகவே அதைக் கேட்டோம்.

பருப்பு, பால், முட்டை, இறைச்சி இவற்றிலுள்ள புரதம் உடலில் சிதையும்போது அமோனியா உண்டாகிறது. குடலில் வாழும் கிருமிகளும் அதை உண்டாக்குகின்றன. அது மூளைக்கு விஷம். ஆகவே கல்லீரல் அதை உடனுக்குடன் யூரியாவாக மாற்ற, யூரியா சிறுநீரில் போய்விடுகிறது. இந்த மாற்றம் ஒரு சக்கரம்போல் நடைபெறுவதை 1932-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸ், குர்ட் ஹென்செலைட் என்னும் இருவர் கண்டறிந்தார்கள். நாம் அறியாமலே நமக்குள் இரவும் பகலும் நடக்கும் இந்த வேலையை நினைத்தால் சிருஷ்டிகரைத் துதிக்கவே தோன்றுகிறது.

பெரியவர்களுக்கு அமோனியா கூடுவதற்குப் பெரும்பாலும் கல்லீரல் கெட்டுப்போவதே காரணம். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தாலும், மலச்சிக்கல் இருந்தாலும் இன்னும் கூடும். நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார்; கை உதறும், பேச்சு குழறும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: இவர்களில் பலருக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. நிலைமையைப் பார்த்தே லாக்டுலோஸ் மருந்து கொடுத்து, மலம் இளகிப் போகும்படி செய்கிறோம். எண் எதுவாயினும் சிகிச்சை மாறாதபோது உங்கள் காணிக்கையை அதில் செலவிட மனமில்லை. வலிப்புக்கு சோடியம் வால்புரோயேட் சாப்பிடுகிறவர் மந்தமாகிப்போனால் மாத்திரம் அளந்து பார்க்கவேண்டும். கல்லீரல் நன்றாயிருந்தும் அந்த மருந்து சிலருக்கு அமோனியாவைக் கூட்டிவிடும்.

எங்களுக்கு இது முக்கியமாகத் தேவைப்படுவது பச்சிளம் குழந்தைகளுக்கே. நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த குழந்தை, முதல் நாள் நன்றாகப் பால் குடிக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் பாலை மறுத்து, வாந்தியெடுத்து, துவண்டுபோகும், மூச்சு வேகமாகும், வலிப்பு வரும். இரத்தத்தில் கிருமி பரவியதுபோலவே தோன்றும். அந்த எண்ணத்திலேயே மருந்து கொடுத்து, குழந்தையை இழந்துவிடுவதும் உண்டு. உண்மையில் யூரியா சக்கரத்துக்கு வேண்டிய நொதி ஒன்று பிறவியிலேயே குறைவாயிருக்கலாம். கருவிலிருக்கும்வரை தாயின் உடலே பிள்ளையின் அமோனியாவையும் கழித்துவிடுவதால், பிறக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. இந்தக் குறைகளில் பெரும்பாலானவை தாய் தகப்பன் இருவர் வழியாகவும் வருகிறவை. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணமுடிக்கும் வழக்கமுள்ள நம் நாட்டுப்புறங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். "முந்தின பிள்ளை எப்படி இறந்தது?" என்று தாயிடம் தவறாமல் கேட்பது இதனால்தான்.

அமோனியா பெரியவர்களுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 50 மைக்ரோமோலுக்குள் இருக்கும். பிறந்த குழந்தைக்கு 100 வரை இருக்கலாம். நோயுற்ற குழந்தைக்கு 150-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. இந்தப் பிறவிக் குறையில் பல நூறாக, ஆயிரத்துக்கு மேலும்கூட ஏறும். சிக்கல் என்னவென்றால், எடுத்த இரத்தத்தைச் சும்மா வைத்திருந்தால் குழாய்க்குள்ளேயே அமோனியா பெருகும். சிவப்பணுக்கள் உடைந்தாலும் பெருகும். கையை இறுகக் கட்டாமல் இரத்தம் எடுத்து, குழாயை உடனே ஐஸ் தண்ணீரில் வைத்து, ஆய்வுக்கூடத்துக்கு ஓட்டமாய்க் கொண்டுபோய், 15 நிமிடத்துக்குள் இயந்திரத்தில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காத இரத்தத்தைப் பஸ்ஸில் பட்டணத்துக்கு அனுப்பி வாங்கும் எண்ணை நம்பமுடியாது.

அளவு உயர்ந்தது உறுதியானால் அந்த மணிநேரமே பாலைத் தற்காலிகமாக நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, சோடியம் பென்சோவேட், அர்ஜினின் மருந்துகளைத் தொடங்கவேண்டும். மிகவும் உயர்ந்திருந்தால், டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். தாமதமானால் பிள்ளை பிழைத்தாலும் மூளை பாதிக்கப்படும். எல்லாரும் பிழைப்பதில்லை. ஆனால் காரணம் இன்னதென்று தெரிந்த பெற்றோர், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மருத்துவரோடு கலந்து ஆயத்தப்படலாம்.

இரவுப் பணியிலிருக்கும் ஆய்வுக்கூட ஊழியர்களுக்காக ஜெபியுங்கள். ஐஸ் இயந்திரத்துக்காகக் காணிக்கை அனுப்புகிறவர்கள் மணியார்டரிலோ காசோலையுடனோ "ஆய்வுக்கூடம்" என்று எழுதியனுப்பினால், அதைத் தனிக் கணக்கில் வைப்போம்.