நின்று நடத்தும் கூட்டம்

நின்று நடத்தும் கூட்டம் என்பது, பங்கேற்பாளர்கள் இருக்கைகளில் அமராமல் நின்றவாறே கலந்துகொள்ளும் குறுகிய பணியிடக் கூட்டம் ஆகும். மென்பொருள் நிறுவனங்களில் இது பேச்சுவழக்கில் "ஸ்டாண்ட்-அப்" எனப்படுகிறது. நெடுநேரம் நிற்பது சோர்வு தருமாதலால் பேச்சு தானாகவே சுருங்கும் என்பது இதன் அடிப்படைக் கருத்தாகும்.

வரலாறு

ஐக்கிய இராச்சியத்தின் பிரிவி கவுன்சில் கூட்டங்களில் உறுப்பினர்கள் நின்றுகொண்டே பங்கேற்பது நெடுநாளைய மரபு. 1990களில் ஸ்க்ரம், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் ஆகிய மென்பொருள் உருவாக்க முறைகளின் வழியாக நாளாந்தக் குறுங்கூட்டம் அலுவலகங்களில் பரவியது. ஸ்க்ரம் முறையை ஜெஃப் சதர்லாண்ட், கென் ஷ்வாபர் ஆகிய இருவரும் 1995 இல் ஒரு மாநாட்டில் முன்வைத்தனர். அதன் வழிகாட்டி ஆவணம் நிற்பதைக் கட்டாயமாக்கவில்லை; கூட்டம் 15 நிமிடங்களைத் தாண்டலாகாது என்பதையே வரையறுக்கிறது.

நடைமுறை

கூட்டம் ஒவ்வொரு வேலைநாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடைபெறும். பொதுவாக ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்கு விடையளிப்பர்:

1. நேற்று முடித்த வேலை என்ன?
2. இன்று செய்யவிருக்கும் வேலை என்ன?
3. வேலைக்குத் தடையாக இருப்பது எது?

தடைகள் கூட்டத்தில் அறிவிக்கப்படுமேயன்றி, அங்கேயே தீர்க்கப்படுவதில்லை. தொடர்புடைய ஓரிருவர் மட்டும் பின்னர் தனியாகக் கூடிப் பேசுவர். இதனால் ஏனையோரின் நேரம் மிச்சமாகிறது. எட்டுப் பேர் ஒரு மணிநேரம் கூடினால் எட்டு மணிநேரம், அதாவது ஒருவரின் ஒருநாள் உழைப்பு செலவாகிறது. அதே கூட்டம் 15 நிமிடங்களில் முடிந்தால் செலவாவது இரண்டு மணிநேரமே.

ஆய்வு

அமெரிக்காவில் ஆலன் புளூடோர்ன், டேனியல் டர்பன், மேரி சூ லவ் ஆகியோர் 111 குழுக்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 1999 இல் வெளியானது. அமர்ந்து நடத்திய கூட்டங்கள் நின்று நடத்தியவற்றைவிட 34% கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டன. எனினும் அவற்றில் எடுக்கப்பட்ட முடிவுகள் தரத்தில் மேம்பட்டவையாக இருக்கவில்லை.

குறைபாடுகள்

உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் பேசாமல், மேலாளரிடம் கணக்கு ஒப்புவிக்கும் நிகழ்வாக இக்கூட்டம் மாறிவிடுவதுண்டு. அந்நிலையில், கண்டிப்புக்கு அஞ்சுவோர் மூன்றாம் கேள்விக்கு "தடை ஏதுமில்லை" என்றே விடையளிப்பர். தடை வெளிப்படாத கூட்டம் எவ்வளவு குறுகியதாயினும் பயனற்றதாகும்.

கருவுற்றோர், மாற்றுத்திறனாளிகள், முதியோர் போன்றோருக்கு நிற்பது இடர் தரலாம். அவர்கள் அமர்ந்தே பங்கேற்பதால் கூட்டத்தின் நோக்கம் கெடுவதில்லை. ஆவணங்களை ஆழ்ந்து படித்து விவாதிக்க வேண்டிய பொருள்களுக்கு இம்முறை ஏற்றதன்று. காணொளிவழிக் கூட்டங்களில் நிற்றல் பெரும்பாலும் கைவிடப்பட்டாலும், கால வரம்பும் மூன்று கேள்விகளும் பல இடங்களில் தொடர்ந்து பின்பற்றப்படுகின்றன.